சனிக்கிழமைப் பூசைக்காரி

"சிவப்பு இருநூறு, வெள்ளை நூற்றைம்பது, சொதி தனியாக, ஏழு மணிக்கு முன்னர் கிடைக்க வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

இதை மைக்கில் சொன்னவள் நான். இடம், பாலையூற்றில் எங்கள் கோயில். நேரம், சனிக்கிழமை பின்னேரப் பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு வாசிக்கிற நேரம். எந்த வருடம் என்று கேட்காதீர்கள். அப்படியொன்றும் பழைய கதையில்லை, அந்த மைக் இன்னும் அங்கேதான் நிற்கிறது.

மன்றாட்டு வாசிக்கிறவர்கள்தான் அதை எழுதிக்கொண்டும் போக வேண்டும். அன்றைக்கு ஓடர் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். திருச்சபைக்காக ஒன்று, நாட்டுக்காக ஒன்று, நோயாளிகளுக்காக ஒன்று. நாலாவது, மரித்தவர்களுக்காக. அதைப் பின்பக்கத்தில் எழுதுவோம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. எழுதியது ஞாபகமில்லை. பேனையைப் பிடித்தபடி கதிரையில் தூங்கிவிட்டேன் போல.

கோயிலில் மூன்றையும் ஒழுங்காக வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் இருந்தது உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸின் ஞாயிற்றுக்கிழமை இடியப்ப ஓடர். கண் பார்த்தது, வாய் வாசித்தது. மூளை வீட்டில் பாய் போட்டுப் படுத்திருந்தது. "உம்மை மன்றாடுகிறோம்" என்பதை நாக்கு தன் பாட்டில் சேர்த்துக்கொண்டது.

அதுகூடப் பரவாயில்லை. கோயிலில் இருந்த சனம் முழுக்க ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொன்னதே, அதைத்தான் மறக்க முடியவில்லை. வாசித்த நானும் நித்திரை, கேட்ட அவர்களும் நித்திரை.

பிறகு முன் வரிசை வாங்கில் இருந்த ஒரு பெட்டைப்பிள்ளை களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு வாங்காகப் பின்னுக்குப் போனது. பீடத்தில் பூசை வைத்துக்கொண்டு நின்ற சுவாமி கீழே குனிந்து புத்தகத்தில் எதையோ கனநேரம் தேடினார். அவருடைய தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்திலேயே நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நின்றேன்.

மகள் படித்து முடித்த பிறகும்

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து வாசிக்கிறவர்களுக்கு என் மனிசன் அன்ரனைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி: துறைமுகப் பக்கத்தில் ஒரு வேர்க்சொப்பில் வெல்டர், அதிகம் கதைக்காதவர். அவர் கதைக்காததையெல்லாம் சேர்த்து நான் கதைப்பேன், கணக்குச் சரி.

மகள் மட்டக்களப்புக்குப் படிக்கப் போன வருடம் நான் இடியப்பம் அவிக்கத் தொடங்கினேன். முதலில் துறைமுக வாசலடியில் ஒரு தேத்தண்ணிக்கடைக்கு மட்டும். ஒரு கடை இரண்டாகி, சந்தைப் பக்கத்துச் சாப்பாட்டுக்கடைகளும் சேர்ந்து, கடைசியில் உப்புவெளி கெஸ்ட் ஹவுஸ் வந்தது. மகள் படித்து முடித்தாள், வேலை எடுத்தாள், கலியாணமும் கட்டிவிட்டாள். எதற்காகத் தொடங்கினேனோ அது முடிந்துவிட்டது. இடியப்பம் மட்டும் முடியவில்லை.

இடியப்பம் சாப்பிடுகிறவர்களுக்கு அது லேசான சாமான். அவிக்கிறவளைக் கேட்டால்தான் தெரியும். முதல் நாளே சிவப்பரிசி மாவை வறுத்து வைக்க வேண்டும். கோதுமை மாவை அவித்துச் சூட்டோடு அரிக்க வேண்டும், ஆறவிட்டால் கட்டி பட்டுவிடும். கோழி கூவுவதற்கு முன்னமே எழும்பிக் கொதிதண்ணீர் விட்டுக் குழைத்து, இடியப்ப உரலில் போட்டுப் பிழிந்து, தட்டுத் தட்டாக அடுக்கி அவிக்க வேண்டும். விடியும்போது என் குசினியில் எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியாது, அவ்வளவு ஆவி.

எதிரே நிற்கிற ஆள் பரீதா. கிண்ணியாவில் பிறந்தவள், கலியாணம் கட்டி டவுனுக்கு வந்து, இப்போது எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது இளமை. அவள் பிழிகிற இடியப்பம் எல்லாம் ஒரே அளவு வட்டம். என்னுடையதில் ஒன்று பெரிது, ஒன்று சின்னது. கடைக்காரர்கள் பார்த்தவுடனே "இது அக்கா பிழிஞ்சது" என்று எடுத்துத் தனியே வைப்பார்கள்.

பரீதா வேலைக்கு வந்த முதல் நாளே, வெள்ளிக்கிழமை வரவேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். வெள்ளியில் சந்தைப் பக்கத்து முஸ்லிம் கடைகள் பூட்டு, ஓடர் குறைவு. மாவைக் குழைத்துத் தந்துவிட்டு அன்ரன் வேலைக்குப் போவார், மிச்சத்தை நான் சமாளிப்பேன். அவள் தொழுகையும் பிள்ளைகளுமாக அன்றைக்கு வீட்டில் இருப்பாள். சனிக்கிழமை காலமை வரும்போது அவளுடைய முகமே வேறு முகம்.

என் கெட்டித்தனம்

கெஸ்ட் ஹவுஸுக்கு ஞாயிறுதான் பெரிய நாள். கொழும்பிலிருந்து சனிக்கிழமை வந்து, கடலில் குளித்து, ஞாயிறு காலமை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகிற சனம். மற்ற நாட்களைப்போல் மூன்று மடங்கு ஓடர். அதைச் செய்து கொடுத்தால் காலைப் பூசைக்குப் போக ஏலாது.

அப்போதுதான் எனக்கு அந்தக் கெட்டித்தனம் தோன்றியது. சனி பின்னேரப் பூசை கண்டால் ஞாயிற்றுக்கிழமைக் கடமை தீர்ந்தது என்பது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தாதிமார், பஸ் ஓட்டுகிறவர்கள், காவல் வேலை செய்கிறவர்கள் என்று வழியில்லாதவர்களுக்காக வைத்த பூசை அது. நான் அதில் போய் ஒட்டிக்கொண்டேன். சனி பின்னேரம் ஆண்டவருக்கு, ஞாயிறு கெஸ்ட் ஹவுஸுக்கு. ஒருவருக்கும் குறைவில்லை என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். மன்றாட்டு வாசிக்கவும் பேர் கொடுத்தேன். பூசைக்கு வருவதோடு நிற்காமல் ஊழியமும் செய்கிறேன் என்று காட்டத்தான், வேறென்ன.

அன்ரனுக்குச் சனி பின்னேரம் வேலை முடிய நேரமாகும். அவருக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. ஆகவே அவர் வழமைபோல ஞாயிறு காலைப் பூசைக்குத் தனியப் போய்வந்தார். ஒரு கிழமை, இரண்டு கிழமை இல்லை, மூன்று வருடம்.

நான் ஓடர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரப் பத்து மணியாகும். அவர் பூசையால் வந்து தேத்தண்ணி போட்டு வைத்திருப்பார். நான் அதைக் குடித்தும் குடிக்காமலும் படுத்தால் எழும்பப் பின்னேரமாகும். அதற்குள் அவர் தனியே கடற்கரைக்கு நடந்துபோய்த் தனியே திரும்பி வந்திருப்பார். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு நாள்தான், அதை நான் நித்திரை கொண்டே தீர்த்தேன். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், அவருக்கு அது தெரியும்.

சுவாமி கேட்ட கேள்வி

மன்றாட்டுக் கூத்து நடந்த அன்று பூசை முடிந்ததும் பின்வாசலால் நழுவப் பார்த்தேன். சுவாமி அங்கேயே நின்றார். இளம் ஆள், என் மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும்.

"ஸ்டெல்லா அக்கா, அந்த நாலாவது மன்றாட்டு கேட்கப்பட்டதோ?" என்றார்.

"நக்கலடிக்காதைங்கோ சுவாமி. மூண்டு நாளா நித்திரை இல்ல."

"ஏன் நித்திரை இல்ல?"

"நாளைக்கு ஓடர் கூட. இண்டைக்குத்தானே மா எல்லாம் ஆயத்தப்படுத்தோணும்."

"அப்ப நாளைக்கு எப்ப ஆறுவீங்கள்?"

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "சனி பின்னேரப் பூசை கண்டா ஞாயிறு கண்டதுக்குச் சமன் எண்டு பிரசங்கத்தில சொன்னது நீங்கள்தானே?"

"ஓம். பூசைக்குச் சமன் எண்டு சொன்னனான். ஞாயிற்றுக்கிழமைக்குச் சமன் எண்டு எப்ப சொன்னனான்?"

விறுவிறென்று வீட்டுக்கு நடந்தேன். வழி நீளத்துக்கும் மனதுக்குள் அவரோடு சண்டை. இவர்களுக்கென்ன, காலமை மேசையில் சாப்பாடு வந்தால் சரி. கோயிலோடு ஒட்டின அறைவீட்டில் சுவாமிமார் ஞாயிறு காலமை சாப்பிடுகிற இடியப்பம் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? என்னுடையதுதான். இருபது சிவப்பு, கட்டைச் சம்பலோடு. என் கையால் ஞாயிறு வேலை வாங்கித் தின்றுகொண்டு எனக்கே ஓய்வு நாளைப் பற்றிச் சொல்கிறாரே என்று கொதித்தேன்.

அதைத் திரும்பிப்போய் அவருடைய முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டும். பின்னால் கேட்டேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

நாட்களுக்குப் பெயரில்லாத காலம்

அடுத்த நாள் ஞாயிறு. ஓட்டோவில் இடியப்பப் பெட்டிகளுக்கு நடுவில் நான். உப்புவெளிப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது எதிரே ஒரு குடும்பம் கோயிலுக்கு நடந்து போனது. தாய் தகப்பன் முன்னால், பின்னால் இரண்டு பிள்ளைகள். சின்னவளுக்குக் காலில் புதுச் செருப்பு, ஒவ்வொரு அடிக்கும் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ஏனோ அந்த இடத்தில் எனக்குப் பள்ளிக்கூட மண்டபம் ஞாபகம் வந்தது.

நான் அந்தப் பிள்ளையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். எத்தனை மாதம் என்று சரியாகச் சொல்லத் தெரியாது. ஏனென்றால் அங்கே நாட்களுக்குப் பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறோம், ஆனால் பள்ளிக்கூடம் இல்லை. ஐயாவுக்கு வேலை இல்லை. நிவாரணம் வருகிற நாள், வராத நாள், அவ்வளவுதான்.

பெயரோடு இருந்தது ஒரே ஒரு நாள். அன்றைக்கு ஒரு வயதுபோன சுவாமி சைக்கிளில் வருவார், மாமரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டிப் பூசை வைப்பார். அம்மா அன்றைக்கு மட்டும் தன் நல்ல சேலையை எடுத்து உடுப்பார். வெளிக்கிடும்போது கையில் அகப்பட்டு வந்த சேலை அது ஒன்றுதான். அன்றைக்கு அம்மா தண்ணீர் வரிசையில் நிற்கமாட்டார், முதல் நாளே எடுத்து வைத்துவிடுவார். பூசை முடிந்து எங்கள் எல்லாருக்கும் தலை வாரி இழுத்துவிட்டு, மரத்துக்குக் கீழே கால் நீட்டி இருந்து பக்கத்து ஆட்களோடு கதைப்பார். சிரிப்பார்கூட. அந்த மண்டபத்தில் அம்மா சிரித்தது எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஞாபகம்.

ஒன்றுமே இல்லாத இடத்தில் அந்த மனிசி ஒரு நாளைப் பிடித்து வைத்திருந்தார். எனக்கு வீடு இருக்கிறது, குசினி இருக்கிறது, காஸ் அடுப்பு இரண்டு இருக்கிறது. நான் அந்த நாளைத் தூக்கிக் கெஸ்ட் ஹவுஸுக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஓட்டோக்காரத் தம்பி கண்ணாடியில் பார்த்து, "என்ன அக்கா, கண் கலங்குது?" என்றார். தூசி என்றேன். எனக்கு என்மேலேயே வெட்கமாக இருந்தது.

லீவு தர ஆள் இல்லை

என்றாலும் விட்டுவிடுவது லேசா? கெஸ்ட் ஹவுஸ் என்றால் என் வேலையில் பாதி. அது போனால் என் கைக்காசு மட்டுமல்ல, பரீதாவின் கைக்காசும் குறையும். அவளுடைய மனிசன் கடலுக்குப் போகிறவர். மீன் படுகிற நாள் உண்டு, படாத நாள் உண்டு. அவளுடைய சோற்றில் மண் போட்டுவிட்டு நான் கோயிலில் போய் இருந்து என்ன பிரயோசனம் என்று யோசித்தேன். சரியாகச் சொன்னால், அந்த யோசனைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை மா குழைக்கும்போது அவளிடமே கேட்டேன்.

"பரீதா, ஞாயிறு ஓடரை விட்டா என்ன?"

அவள் உரலைக் கீழே வைக்கவில்லை. "விட்டா நல்லம்."

"கெஸ்ட் ஹவுஸ் முழுக்கப் போனாலும் போகும், கண்டியோ. உனக்கும் வேலை குறையும்."

"குறைஞ்சா பாப்பம். நான் பின்னேரத்தில பள்ளிக்கூடத்தடியில வடை போட்டு விக்கலாம் எண்டு எத்தினை நாளா நினைச்சுக்கொண்டிருக்கன். இந்த வேலை முடிஞ்சு எழும்பினா எங்க நேரம்?"

"நீ ஏன் இதை முந்திச் சொல்லேல்ல?"

"நீங்க கேக்கல்லியே அக்கா."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பிழிந்தோம். பிறகு அவளே சொன்னாள்:

"எனக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்தது நீங்க. நான் வாய் திறந்து கேக்கவும் இல்ல. அண்டைக்கு வீட்ட போய் உம்மாட்ட சொன்னன், நல்ல ஆள் எண்டு. ஆனா உங்களுக்கு லீவு தர ஒருத்தரும் இல்லியே. முதலாளி எண்டு ஒருத்தர் இருந்தா நீங்க சண்டை பிடிச்சாவது வாங்கியிருப்பீங்க."

உண்மை. வேறு யாராவது என்னிடம் ஞாயிற்றுக்கிழமையும் இப்படி வேலை வாங்கியிருந்தால் அந்த மனிசனைச் சந்தி சிரிக்க வைத்திருப்பேன். வேலை வாங்கியது நானாக இருந்தபடியால் தப்பினேன்.

"அப்ப என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"போனை எடுங்க. நான் பிழியிறன்."

மனேஜருக்கும் சுவாமிக்கும்

திங்கள் எடுக்கவில்லை, செவ்வாயும் எடுக்கவில்லை. புதன்கிழமை எடுத்தேன். கெஸ்ட் ஹவுஸ் மனேஜர் நல்ல தம்பி, மரியாதையான ஆள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"தம்பி, இந்தக் கிழமையில இருந்து ஞாயிறு ஏலாது. மற்ற ஆறு நாளும் தாறன்."

"என்ன அக்கா இப்பிடிச் சொல்லுறீங்கள். எங்களுக்கு ஞாயிறுதானே முக்கியம்."

"எனக்கும் ஞாயிறுதான் தம்பி முக்கியம்."

ஏழு நாளும் தருகிற ஒரு ஆளைத்தான் தான் பார்க்க வேண்டியிருக்கும், இரண்டு பேரிடம் எடுத்தால் மேலிடத்தில் கேள்வி வரும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பாருங்கோ, குறை நினைக்கமாட்டேன் என்றேன். போனை வைத்த பிறகு குசினிக் கதிரையில் இருந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன். பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

அதே பயத்தோடு அறைவீட்டுக்கும் போனேன். "சுவாமி, ஞாயிறு உங்களுக்கும் இடியப்பம் இல்ல. உங்கட பிரசங்கத்தை முதல் உங்கட மேசையில இருந்து தொடங்குறன்" என்றேன். மனிசன் ஒரு கணம் திகைத்துப்போனார். பிறகு கழுத்துவரை சிவந்தது. "நான் இதை யோசிக்கவே இல்ல அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அவர் அப்படிச் சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு ஆயத்தமாகப் போனவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. இப்போது அறைவீட்டில் ஞாயிறு காலமை பேக்கரிப் பாணும் வாழைப்பழமும் என்று கேள்வி.

பின்னேரம் அன்ரன் வேலையால் வந்து கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, கெஸ்ட் ஹவுஸ் ஓடர் போயிட்டுது."

"ஏன், இடியப்பம் புளிச்சுப் போச்சுதோ?"

"இல்ல. ஞாயிற்றுக்கிழமை தரமாட்டன் எண்டு நான்தான் சொன்னனான்."

அவர் சவர்க்காரத்தை வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தார். கழுவிய கையையே இன்னொரு முறை கழுவினார்.

"அப்ப வாற ஞாயிறு பூசைக்கு வாறீரோ?"

"ஓம்."

கொஞ்ச நேரத்தால் அறைக்குள் போய்ப் பார்த்தேன். புதன்கிழமை பின்னேரம் அந்த மனிசன் ஞாயிறு பூசைக்குப் போடுகிற சேட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தார்.

ஏழு மணிப் பூசை

முதல் ஞாயிறு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வழமையான நேரத்துக்கு முழிப்பு வந்துவிட்டது, எழும்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. பழக்கத்தில் குசினிக்குப் போய் உரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து படுத்தேன். விடிந்ததும் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் வந்தது. இத்தனை வருடமும் அது எங்கள் ஒழுங்கைக்கு வருவதே எனக்குத் தெரியாது. அன்ரன் ஓடிப்போய் இரண்டு பாண் வாங்கிவந்தார். முதல் நாள் இடித்து வைத்த சம்பலோடு சாப்பிட்டோம். சுடச்சுடப் பாண், யாரோ சுட்டது, யாரோ கொண்டுவந்தது. எனக்கு அது விருந்தாக இருந்தது.

நல்ல சேலை ஒன்றை எடுத்து உடுத்தேன். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போனேன். கோயில் வளவு நிறைய வாகனம். "நீர் போய் இரும், நான் சைக்கிளை விட்டிட்டு வாறன்" என்று வாசலில் இறக்கிவிட்டார்.

உள்ளே போனால் எனக்கு ஒரு முகமும் தெரியவில்லை. சனி பின்னேரம் வருகிறவர்கள் வேறு, ஞாயிறு வருகிறவர்கள் வேறு. ஒரே கோயில், மூன்று வருடத்தில் எனக்கு அந்நிய ஊர் மாதிரி ஆகியிருந்தது. முந்தி மாதிரி ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பிளைகள் ஒரு பக்கம் என்றில்லை, குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். இடப்பக்கம் நடுவில் ஒரு வாங்கின் கரையில் இரண்டு பேர் இருக்கக்கூடிய இடம் வெறுமையாக இருந்தது. மற்ற எல்லாம் நிறைந்திருந்தது. போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் மடியில் குழந்தையோடு ஒரு இளம் பெண். என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"அக்கா, குறை நினைக்காதீங்க. அதில இருக்க ஏலாது. அது ரெண்டும் ஆள் வாற இடம்."

"ஆர் வாறது?"

"அன்ரன் அண்ணன் எண்டு ஒருத்தர். வெல்டிங் வேலை செய்யிறவர்."

"அவருக்கு என்னத்துக்கு ரெண்டு இடம்?"

"மற்றது அவர்ர மனிசிக்கு. ஒவ்வொரு கிழமையும் கைலேஞ்சியை விரிச்சு இடம் பிடிச்சு வைப்பார். திருநாளில சனம் நிண்டாலும் அந்த இடத்தைக் குடுக்கமாட்டார். ஆள் வருகுது எண்டுவார்."

"அவ வந்தவவோ?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. நாங்க ஈச்சிலம்பற்றில இருந்து இங்க வந்து ரெண்டு வருசம். வந்த நாளில இருந்து பாக்கிறம், ஒரு நாளும் வரேல்ல. சுகமில்லாத ஆள் போல, பாவம். நாங்களும் வீட்டில அவவுக்காகச் செபம் சொல்லுறனாங்க."

இரண்டு வருடமாக யாரோ ஒரு வீட்டில், முகம் தெரியாத எனக்காக, நோயாளி என்று நினைத்து மன்றாடியிருக்கிறார்கள். அதில் பிழை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

"நான்தான் பிள்ளை அந்த மனிசி" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களா? இப்ப சுகமா அக்கா?"

"ஓம். இப்ப சுகம்."

மணி அடித்தது. எல்லாரும் எழும்பினார்கள், நானும் எழும்பினேன். அன்ரன் வியர்த்துக்கொண்டு கரையால் வந்து வாங்கில் நுழைந்தார். பீடத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டு, மூன்று வருடப் பழக்கத்தில் சேட்டுப் பைக்குள் கைவிட்டு லேஞ்சியை எடுத்து, பக்கத்து இடத்தில் விரிக்கக் குனிந்தார்.

அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன்.